சதுர அலைக்கு ஒரு வக்காலத்து

மைக்ரோகன்ட்ரோலரின் பின் ஒன்றில் ஸ்பீக்கரை மாட்டி ஒலி எழுப்பிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: சத்தம் வருகிறது, ஆனால் பொம்மைச் சத்தம். காரணம் கேட்டால் பதிலும் தயாராக இருக்கும். சதுர அலை அல்லவா, அப்படித்தான் இருக்கும். சைன் அலையாக இருந்தால் தேவலை என்பார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் கருவி, வாசல் மணி, பட்டறை இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலி என்று சின்ன ஸ்பீக்கர்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. சின்ன ஸ்பீக்கருக்குச் சதுர அலைதான் ஏற்ற அலை என்பது என் கட்சி. அதன் தலையில் கட்டப்படும் பழியில் பெரும்பகுதி வேறு மூன்று இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. போதாத மின்னோட்டம், பெட்டியில்லாமல் வயரில் தொங்கும் ஸ்பீக்கர், இடைவெளி விடத் தெரியாத நிரல். இந்த மூன்றையும் சரிசெய்யாமல் அலையை மட்டும் மாற்றினால் கிடைப்பது அதே பொம்மைச் சத்தம்தான், இன்னும் கொஞ்சம் மெலிதாக.

முதலில் அந்த அலை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் பின்னுக்கு இரண்டே நிலைதான் உண்டு: 0 வோல்ட், 5 வோல்ட். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 1136 மைக்ரோநொடி மேலே, 1136 மைக்ரோநொடி கீழே என்று மாறி மாறி நிறுத்த வேண்டும். ‘டோன்’ என்ற கட்டளை செய்வது இவ்வளவுதான். உள்ளே டைமர் 2 எண்ணிக்கொண்டே வரும்; எண்ணிக்கை முடிந்ததும் பின் நிலை மாறும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் செங்குத்தான சுவரும் தட்டையான மாடியுமாக ஒரு வரிசை தெரியும். அந்தச் சுவருக்குள்தான் விஷயம் இருக்கிறது. 440 ஹெர்ட்ஸ் சதுர அலையில் 440 மட்டும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வீச்சில் 1320, ஐந்தில் ஒரு பங்கில் 2200, ஏழில் ஒரு பங்கில் 3080 என்று ஒற்றைப்படை மேற்சுரங்கள் அடுக்கடுக்காக உள்ளே இருக்கின்றன. இதைக் கோளாறு என்று சொல்வது வேடிக்கை. கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி ஒலியிலும் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி நிற்கும். கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பைக் கேட்ட யாரும் அதைப் பொம்மைச் சத்தம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இனி மின்னோட்டம். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம் என்பது நடைமுறை. 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. ஸ்பீக்கரோ 8 ஓம். நேராக மாட்டினால் ஓமின் விதிப்படி 625 மில்லிஆம்பியர் கேட்கும். பின்னின் உள்தடை அதற்கு இடம் தராது என்பதால் சில்லு உடனே போய்விடாது. சூடேறி, நாளடைவில் அந்தப் பின் மட்டும் செத்துப்போகும். அதனால் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடச் சொல்வார்கள். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மொத்தத் தடை 228 ஓம், ஓட்டம் 22 மில்லிஆம்பியர். பாதி நேரம்தான் ஓடுகிறது. அதிலும் பாதி, கூம்பை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும் நேர்மின்னோட்டம். அது ஒலியாக மாறாது. கூம்பை முன்னும் பின்னும் ஆட்டுவதற்கு மிஞ்சுவது ஏறத்தாழ 1 மில்லிவாட். ஸ்பீக்கரின் முதுகில் அரை வாட் என்று அச்சடித்திருக்கும், அதாவது 500 மில்லிவாட். ஐந்நூறில் ஒரு பங்கு உணவைப் போட்டுவிட்டு, குரல் எழும்பவில்லையே, அலையின் குணம் சரியில்லையோ என்று யோசிப்பது என்ன நியாயம்?

செய்ய வேண்டிய வேலை சின்னது. பின்னிலிருந்து 470 ஓம் வழியாக ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போக வேண்டும். கலெக்டரில் ஸ்பீக்கரும் 33 ஓம் ரெசிஸ்டரும் தொடராக 5 வோல்ட்டுக்கு. கையில் கிடைக்கும் பிசி547ஐ இங்கே போடக் கூடாது. அதன் எல்லை 100 மில்லிஆம்பியர், இந்தச் சுற்றில் ஓடப்போவது 117 அளவில். பிசி337 என்றால் 800 வரை தாங்கும், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 33 ஓம் ரெசிஸ்டர் கால் வாட் ரகமாக இருந்தால் கொதிக்கும். அரை வாட் ரகம் வேண்டும். ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் சுருள் திருப்பி உதைக்கும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைத் தொடாது. இவ்வளவுதான். ஒலிக்குப் பயன்படும் திறன் 1 மில்லிவாட்டிலிருந்து 27 மில்லிவாட்டுக்குப் போகிறது, அதாவது 14 டெசிபெல்லுக்கு மேல். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு இரு மடங்காகத் தோன்றும் என்பது ஒலியியலில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அலையும் மாறவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஒலி நின்றதும் பின் கீழ்நிலையில் இருக்க வேண்டும். மேல்நிலையில் விட்டுவிட்டால் சத்தமே இல்லாமல் சுருள் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் எரிந்ததாகச் சொல்லி வரும் பல கருவிகளில் குற்றவாளி இதுதான்.

இரண்டாவது, பெட்டி. ஐந்து சென்டிமீட்டர் ஸ்பீக்கர் வெறுமனே மேசையில் கிடக்கும்போது கூம்பின் முன்பக்கம் காற்றை அழுத்துகிறது, அதே கணத்தில் பின்பக்கம் காற்றைத் தளர்த்துகிறது. 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டருக்கு மேல். முன்னால் எழும் அழுத்தம் விளிம்பைச் சுற்றிப் பின்னால் போக வேண்டிய தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கீழ்ச்சுரங்கள் பிறந்த இடத்திலேயே இறக்கின்றன, கீச்சொலி மட்டும் தப்பி வருகிறது. கேட்பவர் ‘சதுர அலை கீச்சிடுகிறது’ என்கிறார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் கூம்பின் அளவுக்கு வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரின் விளிம்பை இடைவெளி இல்லாமல் ஒட்டி, டப்பாவை மூடிப் பாருங்கள். அதே பின், அதே அலை, அதே நிரல், குரல் தடித்திருக்கும். குடம் இல்லாத வீணையைத் தந்தி மட்டும் கொண்டு மதிப்பிடுவார்களா? சந்தையில் வரும் கருவிகளில் ஸ்பீக்கருக்கு எதிரே நாலைந்து ஊசித்துளை போட்டு, பின்பக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே முன்பக்கத்தோடு கலக்கவிட்டிருப்பார்கள். விளிம்பைச் சுற்றிப் பஞ்சுப்பட்டை ஒன்றை ஒட்டினாலே தீரும் குறை அது. அதைச் செய்யாமல் ஆம்ப்ளிஃபயர் மாற்றிப் பார்ப்பதைத்தான் அதிகம் காண்கிறேன்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வரலாம். இந்த அளவு ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கும். 400 என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் வெளியாகும் ஒலி சுமார் 12 டெசிபெல் சரியும். 100 ஹெர்ட்ஸ் என்பது இரண்டு ஸ்தாயி கீழே, ஆகவே 24 டெசிபெல் நட்டம். தூய 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை இதற்குக் கொடுத்தால் கூம்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடும், காதுக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது. அதே 100 ஹெர்ட்ஸைச் சதுர அலையாகக் கொடுத்தால் 300, 500, 700, 900 என்று மேற்சுரங்கள் கூடவே போகின்றன. ஐந்தாவது மேற்சுரம் பிறப்பிலேயே 14 டெசிபெல் குறைவுதான். ஆனால் 500 ஹெர்ட்ஸ் இந்த ஸ்பீக்கரின் சொந்த ஊர், அங்கே நட்டமே இல்லை. அடிச்சுரத்தைவிட அது 10 டெசிபெல் ஓங்கிக் கேட்கும். மேற்சுரங்களின் இடைவெளியிலிருந்து மூளை, வராத அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, தொலைபேசியே சாட்சி. பழைய தொலைபேசி இணைப்பு கடத்தியது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும். ஆண்குரலின் அடிச்சுரம் 100, 120 என்ற அளவில் இருக்கும், அது கம்பியில் போகவே இல்லை. ஆனாலும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகத்தான் கேட்டது. இந்த உபகாரத்தைச் சைன் அலையால் செய்ய முடியாது, அதனிடம் கொடுப்பதற்கு ஒரே ஒரு சுரம்தான் உண்டு. போதாததற்கு, அதே 5 வோல்ட்டுக்குள் சைன் அலை எட்டக்கூடிய வீச்சைவிடச் சதுர அலையின் அடிச்சுரமே 1.27 மடங்கு பெரியது.

இது சின்ன ஸ்பீக்கர்காரனின் சமாதானம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி வேறொரு துறையிலிருந்து சான்று இருக்கிறது. வீடுகளில் மாட்டும் சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி 3100 ஹெர்ட்ஸ் அளவில் கூவும். பீசோ தகடு சிறிதும் மலிவும் என்பதால் அந்த அதிர்வெண் வந்து சேர்ந்தது. தூங்குகிறவர்களை அது எழுப்புகிறதா என்று மெல்போர்னின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி புரூக், இயன் தாமஸ் ஆகியோர் சோதித்தார்கள். குழந்தைகள், காது மந்தமானவர்கள், மது அருந்தியவர்கள் எனப் பல தரப்பினரிடம் ஒப்பிட்டதில், 520 ஹெர்ட்ஸ் சதுர அலை அந்தக் கீச்சொலியைவிடத் திறமாக எழுப்பியது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தன் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைச் சேர்த்தது. விடுதி அறை போன்ற உறங்குமிடங்களில் 2014 ஜனவரி 1 முதல் 520 ஹெர்ட்ஸ் சதுர அலை, அல்லது அதே அளவு எழுப்பவல்ல ஒலி இருந்தாக வேண்டும். உயிர் காக்கும் விதியில் அலையின் வடிவத்தையே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கை ஒலிக்கான ஐஇசி 60601-1-8 தரவிதியும் இதே திசையில்தான் பேசுகிறது. அதன் 2006 பதிப்பு அடிச்சுரம் 150 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கச் சொல்கிறது. 300க்கும் 4000க்கும் இடையே குறைந்தது நான்கு மேற்சுரக் கூறுகள் வேண்டும் என்கிறது. ஒற்றைச் சுரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம்; அதே அதிர்வெண்ணில் வேறு இரைச்சல் இருந்தால் முற்றிலும் மறைந்தும் போகும். மேற்சுரங்கள் பரவியிருந்தால் ஒன்று மறைந்தாலும் மற்றது வந்து சேரும். தூய்மையான ஒலி என்று நாம் மெச்சுவது தீவிர சிகிச்சைப் பிரிவில் உதவாத ஒலி.

அப்படியானால் காதைக் குத்துகிறதே, அது பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. ஆனால் குத்துவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு, எடை இயந்திரம், ஏடிஎம் எல்லாம் ‘பீப்’ என்பதைச் சதுர அலையின் தொல்லை என்று நினைக்கிறோம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பீசோ பஸ்ஸர். அதன் ஒத்ததிர்வு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் எங்காவது இருக்கும். 4000 ஹெர்ட்ஸில் இயக்கினால் அடுத்த மேற்சுரம் 12000இல் வர வேண்டும். அந்தத் தகட்டால் அங்கே உருப்படியாக ஒலிக்க முடியாது. ஆக, உள்ளே போவது சதுர அலை, வெளியே வருவது கிட்டத்தட்ட ஒற்றைச் சைன் அலை. அதுவும் மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் பகுதியில். நம்மைக் கடுப்பேற்றும் அந்தக் கீச்சு, தூய ஒலியின் கைவரிசை! அதே சில்லிலிருந்து அதே கட்டளையால் 500 ஹெர்ட்ஸை எடுத்து, பெட்டியில் பொருத்திய கூம்பு ஸ்பீக்கரில் விட்டால் அந்தக் குத்தல் இருக்காது. உறுமல் இருக்கலாம், பழைய வானொலியின் அதட்டல் இருக்கலாம், அது வேறு.

குத்தலின் மிச்சப் பங்கு நிரலுடையது. ஒலியை எழுப்பத் தெரிந்த அளவுக்கு நிறுத்தத் தெரியாத நிரல்கள்தான் பெரும்பாலானவை. தொட்டி நிரம்பியதும் இடைவிடாமல் கத்தும் கருவியை அண்டை வீட்டார் மூன்றாம் நாளே சபிப்பார்கள், நான்காம் நாள் வீட்டுக்காரரே வயரைப் பிடுங்கிவிடுவார். தீ எச்சரிக்கைக்கென்று வகுத்த ஐஎஸ்ஓ 8201 முறையைப் பாருங்கள்: அரை நொடி ஒலி மும்முறை, அவற்றின் நடுவே அரை நொடி அமைதி, பிறகு ஒன்றரை நொடி முழு அமைதி. அதாவது ஒரு சுற்றான 4 நொடியில் ஒலி இருப்பது ஒன்றரை நொடி மட்டும். அவசரத்தை உணர்த்துவது அந்த இடைவெளி. மெட்டு வாசிக்கும் நிரலுக்கும் இதே கதைதான். ஆர்டுயினோவோடு வரும் மாதிரி மெட்டு நிரலில் ஒவ்வொரு சுரத்தின் காலத்தோடு 30 சதவீதம் கூட்டித்தான் அடுத்ததற்குப் போகிறார்கள். அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் ஒரே சுரம் இருமுறை வருமிடத்தில் நீண்ட ஒரே சுரமாகக் கேட்கும், பாட்டு அடையாளம் தெரியாமல் போகும். ஒலியின் குணத்தையும் கொஞ்சம் மாற்றலாம். மேல்நிலையும் கீழ்நிலையும் பாதிப்பாதியாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. மேல்நிலையைக் கால் பங்காக்கினால் இரட்டைப்படை மேற்சுரங்களும் வந்து சேர்ந்து குரல் மெலிந்து மூக்கொலி கலக்கும். பத்தில் ஒரு பங்காக்கினால் அடிச்சுரம் 10 டெசிபெல் தணியும். நிண்டெண்டோவின் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவி, 1983இல், எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால் என்ற துடிப்பகலங்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையின் இசை நினைவையே உருவாக்கியது. நம் ஊர் வாசல் மணிகளில் யூஎம்66 என்ற மூன்று கால் சில்லு, பார்வைக்கு டிரான்சிஸ்டர் போலவே இருப்பது, பல்லாண்டு மெட்டிசைத்ததும் இந்த வகை அலையில்தான்.

சுருதி சரியில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு, ஆனால் அது கணக்கின் பிழை. டைமர் முழு எண்களைத்தான் எண்ணும். 440 கேட்டால் ‘டோன்’ கட்டளை 16 மெகாஹெர்ட்ஸை 128ஆல் வகுத்து, 142 வரை எண்ணி, 440.14 தருகிறது, எந்த வித்வானும் கண்டுபிடிக்க முடியாத வேறுபாடு. 277 கேட்டால் 225 வரை எண்ணி 277.78 தருகிறது, அரைச்சுரத்தின் நூறில் ஐந்து பங்கு ஏற்றம். இந்தக் கட்டளை பின்னத்தைக் கத்தரித்து எறிவதால் பிழை எப்போதும் ஏறுமுகமாகவே இருக்கும். கீழ்ஸ்தாயியில் மாதிரி நிரலின் சுர அட்டவணையே தன் பங்குக்குப் பிழை சேர்க்கிறது. 32.70 என்பதை 33 என்று எழுதியிருப்பதால் அங்கேயே நூறில் பதினாறு பங்கு போகிறது. இது சில்லுகளோடு வந்த வியாதியும் அல்ல. 1951இல் மான்செஸ்டரின் ஃபெரான்டி மார்க் 1 கணினி வாசித்த மெட்டுகளை பிபிசி பதிவு செய்தது. 2016இல் ஆய்வாளர்கள் ஜாக் கோப்லாண்ட், ஜேசன் லாங் இருவரும் அந்தப் பதிவைச் சீரமைத்தபோது, பதிவில் கேட்ட சில அதிர்வெண்களை அந்த இயந்திரத்தால் எழுப்பவே முடியாது என்று கண்டார்கள். இயந்திரம் எண்ணி எழுப்பக்கூடிய சுரங்கள் வரையறுக்கப்பட்டவை என்பதால், பதிவு தவறான வேகத்தில் ஓடியது என்று அதை வைத்தே நிறுவ முடிந்தது. இன்றைக்குத் தீர்வு சுலபம். 16 பிட் டைமர் 1ஐ எடுத்துக்கொண்டால் 18182 வரை எண்ணி 439.996 பெறலாம். அதைவிடப் பெரிய பிழை கடிகாரத்தில் இருக்கிறது. ஊனோவில் முதன்மைச் சில்லுக்கு இருப்பது பீங்கான் ரெசொனேட்டர், அரை சதவீதம் வரை விலகலாம். குவார்ட்ஸ் வைத்தால் அந்தக் கவலை இல்லை. தனிச்சில்லை அதன் உள் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலேயே ஓடவிட்டால் பத்து சதவீதம் வரை பிசகலாம், அது ஒன்றரைச் சுரத்தானத்துக்கும் மேல். இதற்கெல்லாம் அலையின் வடிவத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

‘இத்தனை தலைவலி எதற்கு? நூறு இருநூறு ரூபாய்க்கு எம்பி3 மாட்யூல் கிடைக்கிறது, மெமரி கார்டில் நல்ல ஒலியைப் பதிந்து வைத்தால் முடிந்தது’ என்பவர்களுக்கு என் பதில் பாதி சம்மதம். ‘கதவைத் திறக்காதீர்கள்’ என்று இயந்திரம் பேச வேண்டுமானால் அதுதான் வழி, சதுர அலை பேசாது. ஆனால் எச்சரிக்கை ஒலி போதும் என்ற இடத்தில் கார்டு, கார்டைப் பிடிக்கும் ஸ்லாட், மின்சாரம் வந்ததும் மாட்யூல் விழித்தெழ எடுக்கும் ஓரிரு நொடி என்று மூன்று புதிய கவலைகளை விலைக்கு வாங்குகிறோம். அதிர்ந்துகொண்டே இருக்கும் பட்டறை இயந்திரத்தில் கார்டு எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்? எல்லாம் கடந்து அந்த நல்ல ஒலி வந்து சேர்வது அதே ஐந்து சென்டிமீட்டர் ஸ்பீக்கருக்குத்தான். கோயில் மணியின் கார்வையைப் பதிந்து கொடுத்தால் அது தட்டுத் தட்டும் ஓசையைத் தரும். பின்னிலிருந்தே சைன் அலை எடுக்கலாம் என்பவர்களும் உண்டு. 62500 ஹெர்ட்ஸில் துடிப்பகலத்தை மாற்றி மாற்றி, வடிகட்டி வைத்து எடுப்பது நல்ல வித்தைதான். டிம் பாராஸின் மோட்சி நூலகம் இந்த வழியில் ஊனோவிலேயே நொடிக்கு 16384 மாதிரிகள் வீதம் அழகான ஒலிகளைத் தருகிறது. இசைக்கருவி செய்கிறவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். வாசல் மணிக்குச் சொல்ல மாட்டேன். அங்கே சில்லின் நேரமெல்லாம் அலை வரைவதிலேயே போகும், பலன் அந்த ஸ்பீக்கரைத் தாண்டாது.

சதுர அலை உண்மையிலேயே தோற்கும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சுருதிப் பெட்டி. முதலில் அதற்குச் சாதகமானதைச் சொல்கிறேன். முழு எண்ணால் வகுக்கும் டைமர், முழு எண் விகிதங்களில் அமைந்த சுரங்களுக்கென்றே பிறந்தது போல் இருக்கும். டைமர் 1ஐ எட்டால் வகுத்து, சட்ஜத்துக்கு 3600 என்று வைத்தால் 277.78 ஹெர்ட்ஸ், ஒன்றரைக் கட்டைக்கு மிக அருகில். இனி சங்கராபரணத்தை வரிசையாக எழுதலாம்: 3200, 2880, 2700, 2400, 2160, 1920, 1800. ஒன்பதுக்கு எட்டு, ஐந்துக்கு நான்கு, நான்குக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு என்ற விகிதங்கள் ஒரு பின்னமும் மிஞ்சாமல் வந்துவிடுகின்றன. மேற்கத்திய சமபங்கு அட்டவணையில் அந்தர காந்தாரம் அரைச்சுரத்தின் நூறில் பதினான்கு பங்கு ஏறி நிற்கும், இங்கே அந்த உறுத்தல் இல்லை. கமகம் இல்லாமல் ராகமா என்று கேட்டால் கேள்வி நியாயம்தான். நான் பேசுவது சுருதியைப் பற்றி, பாட்டைப் பற்றி அல்ல.

சிக்கல் சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்போது வருகிறது. தம்புராவில் இரண்டும் பொருந்தியதை எப்படி அறிகிறோம்? சட்ஜத்தின் மூன்றாம் மேற்சுரமும் பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரமும் ஒரே அதிர்வெண். துளி விலகினாலும் அங்கே அலைச்சல் கேட்கும், சேர்ந்தால் அடங்கும். பாதிப்பாதிச் சதுர அலையில் இரட்டைப்படை மேற்சுரமே கிடையாது. பஞ்சமத்தின் மேற்சுரங்கள் சட்ஜத்தைப் போல் 1.5, 4.5, 7.5 மடங்கு என்றுதான் போகும், சட்ஜத்தின் எந்த மேற்சுரத்தோடும் எங்கேயும் சந்திக்காது. இரண்டும் ஒரே அறையில் முகம் பார்க்காமல் நிற்கும். கேட்பவருக்குச் சுருதி சேர்ந்த நிறைவு வராது, ஏன் என்றும் தெரியாது. சைன் அலைக்கு மாறினால் நிலைமை இன்னும் மோசம், அதில் மேற்சுரமே இல்லை. வேண்டியது துடிப்பகலத்தைக் கால் பங்காக்குவது. அப்போது இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிடும், நான்காவது மட்டும் விடுபடும். ஊனோவில் இதைச் செயலியின் உதவி இல்லாமலே செய்யலாம். டைமர் 1ஐ எட்டால் வகுத்து 7200 வரை எண்ணவிட்டு 1800இல் கீழிறக்கினால் 9ஆம் பின்னில் சட்ஜம். டைமர் 2ஐ 256ஆல் வகுத்து 150 வரை எண்ணவிட்டு 38இல் கீழிறக்கினால் 3ஆம் பின்னில் பஞ்சமம். இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக ஆம்ப்ளிஃபயரில் கலக்க வேண்டும். விகிதம் மிகச் சரியாக மூன்றுக்கு இரண்டு. ரெசொனேட்டர் விலகினாலும் இரண்டும் சேர்ந்தே விலகும், அலைச்சல் வராது. கட்டையை மாற்ற வேண்டுமானால் பஞ்சமத்துக்கு எந்த எண்ணை வைக்கிறோமோ அதன் 48 மடங்கைச் சட்ஜத்துக்கு வைத்தால் போதும். ஆனால் 8 பிட் டைமரின் படிகள் பெரியவை. அரைக் கட்டைக்குள் எட்டொன்பது படிகள்தான் கிடைக்கும், பாடுகிறவருக்கு அது போதாது. அந்த நுணுக்கம் வேண்டுமென்றால் 16 பிட் டைமர் நான்கு உள்ள ஆர்டுயினோ மெகாவுக்குப் போக வேண்டியதுதான், அதே கால் பங்குத் துடிப்போடு.